வாராக் கடன் வசூலான கதை!

"ராக்கெட்... வா!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். நான் கூப்பிட்டது கேட்டது என்பதற்கு அடையாளமாக ராக்கெட் ஒரு காதை மட்டும் ஆட்டினான். பிறகு, ஆடிட்டரைப் பார்த்த கேஷியர் மாதிரி என்னையே பார்த்தபடி நாலடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

சுற்றிலும் லாப்ரடார், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம், ஒரு பக் என்று பத்துப் பன்னிரண்டு நாய்கள். எல்லாம் அவரவர் எஜமானரின் இடது காலை ஒட்டி அட்டென்ஷனில்! அதிலே லாப்ரடார், எங்கள் பக்கத்து வீட்டு பேங்க் ஆபீசருடையது. அது என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பரிதாபம் இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள் சார்!

ராக்கெட், சிப்பிப்பாறை ஜாதி. விருதுநகர் பக்கம் இருக்கும் மாமா கொடுத்தது. ஒல்லி உடம்பு, உள்வாங்கிய வயிறு, முயல் துரத்துவதற்கென்றே அளவெடுத்துச் செய்த கால்கள். 'இவனைக் கீழ்ப்படிதல் போட்டிக்குத் தயார் பண்ணிக் காட்டறேன் பாருங்க!' என்று மொட்டை மாடியில் நின்று பேங்க் ஆபீசரிடம் சவால் விட்ட புண்ணியவான், அடியேன்தான்.

பயிற்சி தருபவர் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ரிட்டயரானவர். எல்லோருக்கும் 'ஏட்டையா'. என்னையும் ராக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இவன் கூப்பிட்டு வந்தப்போ என்னிக்காவது அடிச்சீங்களா?"

எனக்குப் பகீரென்றது.

அடித்திருந்தேன். இரண்டு மாதம் முன்பு கேட் திறந்திருந்த சமயம் பார்த்து ராக்கெட் எஸ்கேப். லுங்கியோடு தெருத் தெருவாக முக்கால் மணி நேரம் அலைந்தேன். கடைசியில் அவனே வாலை ஆட்டிக்கொண்டு என் காலடியில் வந்து நின்றான். பேங்க் ஆபீசர் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவமானம் தாங்காமல் கை ஓங்கி... இரண்டு அடி. பலமாகவே.

"ஓடினதுக்கு அடிச்சதா நீங்க நினைக்கறீங்க. அவன் கணக்குல, வந்ததுக்குத்தான் அடி. மேனேஜர் ரூமுக்குக் கூப்பிடறப்பல்லாம் டோஸ் விழுந்தா, அடுத்த தடவை ஓடிப் போயி நிப்பீங்களா, பாத்ரூம்ல ஒளிவீங்களா?"

பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடித்த அன்றே ராக்கெட் என் பேரேட்டில் 'வாராக் கடன்' ஆகிவிட்டான்!

இந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாய்க் கண்காட்சி என்றால் அழகுப் போட்டி. முடி, பல், நடை பார்ப்பார்கள். இது வேறு. காலை ஒட்டி நடக்க வேண்டும். அந்நியர் தொட்டுப் பார்க்கும்போது ஆடாமல் நிற்க வேண்டும். சொன்ன இடத்தில் உட்கார, படுக்க வேண்டும். கூப்பிட்டால் நேராக வந்து முன்னால் உட்கார வேண்டும். அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி மொத்தம் 200 மார்க். 170 எடுத்தால் பாஸ். அதோடு ஒவ்வோர் அயிட்டத்திலும் பாதிக்கு மேல் வாங்கியாக வேண்டும். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கிற வேலையெல்லாம் நடக்காது. உட்காருவது கோணலாக இருந்தால் அரை மார்க்கிலிருந்து வெட்டு ஆரம்பம். கூப்பிட்டு வரவில்லை என்று இரண்டாம் தடவை கூப்பிட்டால், தீர்ந்தது கதை!

அமெரிக்காவில் இதை ஆரம்பித்து வைத்ததே ஒரு ரோஷத்தில்தான். ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்ற அம்மாள் பூடில் நாய் வளர்த்தவர். முடியை விதவிதமாகக் கத்தரித்து விடுகிறார்களே, அந்த ஜாதி. 'பொம்மை நாய்' என்று கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்ல, 1933-ல் நியூயார்க் மாநிலத்தின் மவுன்ட் கிஸ்கோ என்ற ஊரில் எல்லா ஜாதி நாய்களுக்கும் பொதுவாக ஒரு பரீட்சை வைத்தார். 1936-ல் கென்னல் கிளப்பே அதை எடுத்துக்கொண்டது.

பிற்பாடு 1994-ல் ஸ்டான்லி கோரன் என்ற கனடாவின் மனோதத்துவப் பேராசிரியர், இந்தப் போட்டி நடுவர்களையே விசாரித்து ஒரு ரேங்க் பட்டியல் போட்டார். முதல் ரேங்க் பார்டர் கோலி. இரண்டாவது, கேலி செய்யப்பட்ட அதே பூடில்! மூன்றாவது ஜெர்மன் ஷெப்பர்டு. கடைசி, 79-வது இடம் ஆப்கன் ஹவுண்டுக்கு. ஆப்கன் ஹவுண்டும் ராக்கெட் மாதிரியே கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை வம்சம். படித்தபோது என் பிள்ளையின் பிராக்ரஸ் ரிப்போர்ட்டைப் பார்த்த மாதிரியே இருந்தது.

ஏட்டையாவிடம் புலம்பினேன். சிரித்தார்.

"பார்டர் கோலி ஆடு மேய்க்கிற நாய் தம்பி. மேய்க்கிறவன் விசிலுக்கே காத்துக்கிட்டு இருக்கறது அதோட வேலை. உங்காளு முயலைப் பார்த்தா, 'சார் ஓடட்டுமா'ன்னு பர்மிஷன் கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா? முயல் ஊர் போய்ச் சேர்ந்துடும்! முட்டாள் இல்லே... வேற டிபார்ட்மென்ட்!"

அவர் ஒவ்வொரு ஜாதிக்கும் ஒவ்வொரு சாவி வைத்திருந்தார். லாப்ரடாருக்குத் தீனி. ஆனால் உலகமே சொந்தக்காரர்கள் என்று நினைக்கிற ஜாதி என்பதால், அந்நியர் தொடும்போது குதிக்காமல் நிற்கத்தான் அதற்குப் பாடம். ராஜபாளையத்துக்கு அதே பாடம் தலைகீழ்: காவல் நாய், அந்நியரை நம்பாது. பல வாரம், பல பேர் பக்கத்தில் வந்து பேசாமல் போகவேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால் கை ஜாடையும் சேர்த்துப் பழக்குவார். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு பிஸ்கட்டைவிடப் பந்து பெரிசு. டாபர்மேன் பார்க்கத்தான் ரவுடி. அதட்டினால் மனசு ஒடிந்து வேலையே செய்யாது. பக் நாய்க்கு மூக்கு சப்பை, மூச்சு வாங்கும். வெயில் ஏறுமுன் ஐந்து நிமிஷத்தில் பாடம் முடிந்துவிடும்.

எல்லா ஜாதிக்கும் பொதுவாக ஒரே விதிதான். ஒரு செயலுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டில் அப்பா 'உக்காருடா', அம்மா 'உக்காரு கண்ணா', மனைவி 'சிட்'. ராக்கெட் மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வான்!

"உங்க 'வா' கெட்டுப் போச்சு தம்பி. அதைத் தலைமுழுகிடுங்க. புதுசா ஒரு வார்த்தை வைங்க" என்றார்.

யோசித்து 'இந்தா' என்று வைத்தேன். 'இந்தா' என்று சொன்னால் கட்டாயம் ஏதாவது கொடுக்க வேண்டும். குளிப்பாட்ட, உண்ணி எடுக்க, ஊசி போட அந்த வார்த்தையால் கூப்பிடவே கூடாது. நாமே போய் அழைத்து வரவேண்டும். முதலில் ஹாலில். அப்புறம் மாடியில். அப்புறம் பத்து மீட்டர் கயிறு கட்டி ஆளில்லாத தெருவில். கடைசியில்தான் மைதானம்.

பிஸ்கட்டை ராக்கெட் மோந்து பார்த்துவிட்டு மரியாதைக்கு வாங்கிக்கொண்டான், கல்யாண வீட்டுத் தாம்பூலம் மாதிரி. "அவனுக்குச் சம்பளம் ஓட்டம்தான்" என்றார் ஏட்டையா. 'இந்தா' என்று சொல்லிவிட்டு நான் எதிர்த் திசையில் ஓடவேண்டுமாம். அவன் துரத்தி வந்ததும், கயிற்றில் கட்டிய கந்தல் துணியைக் கவ்வி இழுக்க விடவேண்டுமாம். தொப்பையோடு ஒருவன் கந்தல் துணியை இழுத்துக்கொண்டு மைதானத்தில் ஓடுகிறான்... வாக்கிங் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

முதல் மூன்று வாரம் வருவான், கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிடுவான். துணியைத் தருவதற்காகக் கையைத் தூக்கினாலும் கண்ணை இறுக மூடித் தலையைத் தாழ்த்திக்கொள்வான். அடி விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கே யாரோ இரண்டு வைத்த மாதிரி இருக்கும்.

நாலாம் மாசம், வகுப்புக்குள்ளேயே ஏட்டையா ஒரு மாதிரிப் போட்டி வைத்தார். 100 மார்க். பாஸ் 70.

லாப்ரடார் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்தது. அந்நியராக வந்தவரின் முகத்தை மட்டும் ஒரு நக்கு நக்கிவிட்டது. டாபர்மேன் முதல் பரிசு. ராக்கெட்? நடந்தான். கோணலாக உட்கார்ந்தான். மூன்று நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டிய இடத்தில், வேலியில் ஓர் ஓணான் போயிற்று. பழமொழியில் வருகிற அதே ஓணான்! அவ்வளவுதான், ராக்கெட் பறந்துவிட்டான். அந்த அயிட்டம் பூஜ்யம்.

கடைசி அயிட்டம், கூப்பிட்டால் வருவது. மைதானத்தின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். கயிறு கிடையாது. கேட் திறந்து கிடந்தது. எனக்கு நாக்கு வறண்டது.

"ராக்கெட்... இந்தா!"

ஒரே குரல்தான். மண் பறக்க வந்தான். நேராக என் முன்னால் வந்து, வழக்கம்போலக் கோணலாக உட்கார்ந்தான். நான் கையைத் தூக்கினேன். அன்றைக்கு ஓங்கிய அதே கை. ராக்கெட் கண்ணை மூடவில்லை. தலையைத் தாழ்த்தவில்லை. 'துணி எங்கே?' என்கிற மாதிரி பார்த்தான்.

மொத்த மார்க் 56. பெயில்!

சாயங்காலம் பால்கனியில் இருந்து பேங்க் ஆபீசர் குரல் கொடுத்தார். "என்ன சார், போச்சா?"

"போச்சு சார். ஆனா, ஒரு வாராக் கடன் முழுசா வசூலாயிடுச்சு."

மனுஷர் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள்...

"கொடுத்து வச்சவர் சார் நீங்க!"