ஈகையும் தொழிலும்

இசுலாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்று ஜகாத். வரையறுத்த அளவு பொருளுடையோர், ஓராண்டு தம்மிடம் தங்கிய செல்வத்தில் 40-இல் ஒரு பங்கை வறியோர் முதலிய எட்டு வகையினர்க்கு அளித்தல் வேண்டும். அப்பங்கு கடனன்று, பெற்றவர்க்கே உரியதாகிவிடும். ஆதலின் அதனை முதலாக்கித் தொழில் தொடங்குவோர்க்கு வட்டிச் சுமை இல்லை.

சேலத்தில் கூலிக்குக் கொலுசு வேலை செய்யும் ஏழைப் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். பலர் தனித்தனியே தரும் சிறு தொகை உலைக்கே செலவாகும், பசி காத்திருக்குமோ? அதனையே ஒன்றுதிரட்டித் தையற்பொறியாக வழங்கின், அவள் நாள்தோறும் ஈட்டுவாள். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களும், நன்கொடையோடு அரசின் மானியமும் பெற்று, கைம்பெண்கள் தொழில் செய்ய உதவுகின்றன.

தொழிற்கருவிக்கு ஜகாத் இல்லை. ஆயின், அதனால் அவள் சேர்த்த பொருள் வரையறையை எட்டி ஓராண்டு நிலைத்தால், அவளும் கொடுப்பவளாவாள்.