காயவைத்தால் சாகும் விதைகள்

பொட்டிபுரம் என்றதும் ‘நியூட்ரினோ ஊர்தானே?’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்த மலையடிவாரத்தில் எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. மேற்கு எல்லையில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மலை.

போன வருசம், ஐரோப்பாவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வந்திருந்தான். அங்கே சிலர் ஓக், செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்கி, அணிலுக்கும் பறவைக்கும் என்றே ஊன்றி வளர்க்கிறார்களாம். “மாமா, நம்ம ஓடைக்கரையில ஓக் வச்சா என்ன?” என்றான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓக் இயல்பாக வளர்வதில்லை, இமயமலையில் உண்டு. போடிமெட்டு ஏறினால் ஏலத்தோட்டங்களில் ‘சில்வர் ஓக்’ நிற்கும். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு மரம், பெயரில் மட்டும்தான் ஓக். மிளகுக்கொடி ஏற்றலாம், பலகைக்கு விற்கலாம், பூவில் தேன்கூட உண்டு. பறவை தின்னும் பழம் கிடையாது.

பேச்சுவாக்கில் அவன் இன்னொன்று சொன்னான். ஓக் கொட்டை காய்ந்தால் செத்துப்போகுமாம். பொறுக்கியதும் ஈரப்பதமாக வைத்துக் காப்பாற்ற வேண்டுமாம். “அட, நம்ம நாவக்கொட்டை மாதிரியா!” என்றேன்.

நாவல் கொட்டையைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒரு முழு வருசத்தைத் தொலைத்துத்தான். ஆறு வருசத்துக்கு முன் ஆனி மாசம், கூடை நிறைய நாவல் கொட்டை சேர்த்தேன். நெல் விதைக்குச் செய்வதுபோலவே வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு, துணிப்பையில் கட்டி வைத்தேன். ஐப்பசி மழைக்கு ஓடைக்கரை முழுக்க ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் கொட்டை சுருங்கி, உள்ளே கறுத்துக் கிடந்தது.

எங்கள் ஊர் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. நாவல் பழுப்பது ஆனி, ஆடியில். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அப்போது தென்மேற்குப் பருவமழை கொட்டும். விழுந்த கொட்டை விழுந்த இடத்திலேயே முளைக்கும். இந்தப் பக்கம் நாம் மழை மறைவில் இருக்கிறோம். நமக்கு ஆடிக்காற்றும் புழுதியும்தான். நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். நாவல் கொட்டைக்கு உயிர் இரண்டு வாரம் தாங்கினாலே பெரிது. இடையில் இருக்கும் மூன்று நான்கு மாதத்தை யார் தாண்ட வைப்பது? ஓடை ஈரத்தில் விழுந்தது பிழைக்கும், மற்றதெல்லாம் போகும். அதனால்தான் அடிவாரத்தில் நாவல் ஓடையை ஒட்டியே நிற்கிறது.

இப்போது அந்த இடைவெளியை நாற்றுப்பையில் கடக்கிறேன். பழம் பொறுக்கிய அன்றே சதையைக் கழுவி, அன்றே ஊன்றிவிட வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணலும் மக்கிய எருவும் ஒவ்வொரு பங்கு. ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் பை நீளமாக இருக்கட்டும். குட்டைப் பையில் வேர் சுருண்டுவிடும். கொட்டையைப் படுக்கவைத்து, விரல் கனத்துக்கு மண் மூடினால் போதும். பத்து நாளிலிருந்து முளை காட்டும். ஒரே கொட்டையில் இரண்டு மூன்று கன்று வரும், பயப்பட வேண்டாம், அது நாவலின் குணம். திடமானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவேன். ஐப்பசியில் இரண்டு மழை பெய்து மண் நனைந்த பிறகு நடவு. சுற்றிலும் முள் வைக்காவிட்டால் ஆடு ஒரு நாளில் முடித்துவிடும்.

இலுப்பைக்கும் இதே அவசரம்தான். வேம்பு சில வாரம் பொறுக்கும். இந்த மூன்றையும் விதைப்பந்தில் வைத்துக் காயவைக்காதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசையாக உருட்டுகிறார்கள், சொல்லவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் நாவலுக்கு அந்தப் பந்து பாடைதான். வேல், கொன்றை மாதிரி ஓடு தடித்த விதைக்கு அது சரி. வெள்வேலுக்கு அதுகூட வேண்டாம்: நெற்றைத் தின்ற ஆடு ராத்திரி அசைபோடும்போது விதையைத் துப்பிவிடும், காலையில் கிடையில் கூட்டி அள்ளலாம்.

அத்தி, ஆல் விதை பொடிசு. பறவை எச்சத்தில் விழுந்து கிணற்றுச் சுவரில் முளைத்த கன்றைப் பெயர்த்து வைக்கிறேன். ஆலுக்குப் போத்தும் நடலாம்.

பக்கத்துக் காட்டுப் பெரியப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “ஏப்பா, பன்னிக்குப் பந்தி வைக்கிறியா? நாளைக்கு எங்காட்டுக் கடலையில வந்து நிக்கும்ல?” என்றார். அவர் கேட்டது நியாயம். கடலையை இழந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அதனால் பழமரங்களை மேற்கே ஓடையோரத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவர் வரப்பை ஒட்டி வேம்பும் புங்கும் மட்டும். பலா வைக்கவே இல்லை. பலா வாசனைக்கு யானை எவ்வளவு தூரமும் வரும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள்ளேயே வந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

அவர் பயந்த பன்றி வராமலே இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வந்தால் பேசிக்கொள்வோம் என்றிருக்கிறோம்.

ஐந்து வருசத்தில் ஓடைக்கரையில் முப்பத்தெட்டு நாவல் தேறியிருக்கிறது. பெரியது என் தலைக்கு மேலே. காய்க்க இன்னும் நாலைந்து வருசம் ஆகலாம். அதற்குள்ளேயே கொண்டைக்குருவி கூடு கட்டிவிட்டது. தாய்மரத்தடியில் மரநாய் எச்சத்தில் கிடக்கும் கொட்டையையும் விடுவதில்லை. கழுவியே கிடைக்கிறது, நமக்கு வேலை மிச்சம்.

விதை வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஆடியில் நேரில் வாருங்கள், ஈரச்சாக்கோடு. கூரியரில் மட்டும் கேட்காதீர்கள்.