பாதி வானத்தில் நின்ற ரயில்
செம்பூர் மோனோ ரயில்: 11 ஆண்டு ஓடியும் நம்பிக்கை பெறாத கதை

2025 ஆகஸ்ட் 19. மும்பையை மூழ்கடித்த மழையில் ஹார்பர் லைன் மின்சார ரயில்கள் நின்றுபோயின. செம்பூர், கோவண்டி, அணுசக்தி நகர்ப் பக்கம் வீடு திரும்ப வேண்டியவர்களுக்கு மிஞ்சியது மோனோ ரயில்தான். வழக்கமாகக் காற்றாடும் பெட்டிகளில் அன்று மூச்சுவிட இடமில்லை. மாலையில் மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவே ரயில் நின்றது. மின்சாரம் போயிற்று, ஏ.சி. போயிற்று. திறக்க முடியாத ஜன்னல்களுக்குள் 582 பேர். தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

மும்பை பெருநகரப் பிரதேச வளர்ச்சி ஆணையம் சொன்ன விளக்கம் எளிமையானது: ரயில் தாங்கக்கூடிய எடை 104 டன், அன்று ஏறியது 109 டன். ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தைக் கால்களால் கவ்வியபடி ரப்பர் சக்கரங்களில் ஓடும் வண்டி இது. உத்தரத்தின் பக்கவாட்டில் பதித்த மின் தண்டவாளத்தை உரசித்தான் மின்சாரம் எடுக்கிறது. அந்தத் தொடர்பு அன்று அறுந்தது. ஐந்து டன் என்பது ஏறத்தாழ எண்பது பேரின் எடை. மழை நாளில் எண்பது பேர் கூடுதலாக ஏறுவது மும்பையில் விபரீதமா என்ன? விரார் ரயிலில் தொங்குகிறவர்கள் சிரிப்பார்கள்.

லோக்கல் ரயில் நின்றால் ஜனங்கள் குதித்து இறங்கித் தண்டவாளத்தில் நடந்துவிடுவார்கள். மோனோ ரயிலில் அது நடக்காது. கீழே இருப்பது உத்தரமும் அதற்குக் கீழே சாலையும்தான். சின்னக் கோளாறுகூட மீட்புப் பணியாக மாறிவிடுவது இதனால்தான். ஒரு மாதம்கூட ஆகாமல் செப்டம்பர் 15 அன்று வடாலா பகுதியில் மறுபடி ஒரு ரயில் நின்றது. அன்று இருந்தது 17 பேர்தான். கூட்டத்தின் மேல் பழிபோட வழியில்லை.

செம்பூர் - வடாலா டெப்போ இடையே சுமார் 9 கிலோ மீட்டர் பாதை 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2008-லேயே ஒப்பந்தம் கொடுத்த வேலை. வடாலாவிலிருந்து சாத் ரஸ்தா எனப்படும் ஜேக்கப் சர்க்கிள் வரை நீள 2019 மார்ச் ஆயிற்று. ஜி.டி.பி. நகர், ஆன்டாப் ஹில் என்று தமிழர் நிறைந்த பகுதிகளைத் தொட்டுப் போகிறது பாதை. ஆனால் மாட்டுங்காவையும் தாராவியையும் தொடவில்லை. அணுசக்தி நகருக்குள்ளும் வரவில்லை. நகரவாசி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ செம்பூர் வந்துதான் ஏற வேண்டும். ஏறினாலும் உர ஆலைக் குடியிருப்பு, பாரத் பெட்ரோலியம் என்று சுற்றித்தான் வடாலா போகும். தினம் ஒரு லட்சத்துக்கு மேல் பயணிகள் என்று போட்ட கணக்கு இருபதாயிரத்தை எட்டவே திணறியதில் ஆச்சரியமில்லை.

2017 நவம்பர் 9 அதிகாலை மைசூர் காலனி நிலையத்தில் காலி ரயிலின் இரண்டு பெட்டிகள் எரிந்தன. உயிர்ச் சேதம் இல்லை. சேவை திரும்ப 2018 செப்டம்பர் ஆயிற்று. அந்த டிசம்பரிலேயே மலேசிய நிறுவனமான ஸ்கோமியின் ஒப்பந்தத்தை ரத்து செய்து, ஆணையமே ரயிலை நடத்த ஆரம்பித்தது. வர வேண்டிய ரயில்கள் முழுதாக வந்து சேரவில்லை. வந்தவற்றுக்கும் உதிரி பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஓடுவதைக் காப்பாற்ற, நிற்பதிலிருந்து பாகங்களைக் கழற்றும் நிலை. இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றாகிவிட்ட பிறகு, கடிகாரம் பார்த்து வேலைக்குப் போகிறவன் ஏன் காத்திருப்பான்?

இதில் ஒரு வேடிக்கை. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1956-ல் அப்சரா அணு உலையை இந்தியர்களே கட்டி இயக்கினார்கள். எரிபொருள் மட்டும் பிரிட்டனிலிருந்து வந்தது. அதே வட்டாரத்தில் அறுபது ஆண்டு கழித்து, ஒரு ரப்பர் சக்கர வண்டியின் பாகத்துக்கு வெளிநாட்டின் கையைப் பார்க்க வேண்டியிருந்தது. புதிதாகப் பத்து ரயில்கள் வாங்கும் டெண்டரும், சீன நிறுவனங்கள் போட்டியிட்டதால் 2020-ல் ரத்தானது. பிறகே ஹைதராபாத்தின் மேதா நிறுவனத்துக்கு ஆர்டர் போயிற்று.

மோனோ ரயிலே உதவாக்கரை என்று சொல்லிவிட முடியாது. கோலாலம்பூரில் 2003 முதல் ஓடுகிறது. தமிழர் பகுதியான பிரிக்பீல்ட்ஸ் அருகே துன் சம்பந்தன் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. ஆனால் அங்கும் புதிய ரயில்கள் தாமதமானதில் தகராறு முற்றி 2016-ல் ஸ்கோமியுடன் ஒப்பந்தம் முறிந்தது. மும்பை அதைப் பார்த்து விழித்திருக்கலாம். சென்னைக்கு 2011-ல் ஜெயலலிதா அரசு அறிவித்த 111 கிலோ மீட்டர் மோனோ ரயில் காகிதத்தோடு நின்றது. சென்னைவாசிகள் தப்பித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பர் 20 முதல் மும்பை மோனோ ரயில் சேவை முழுதாக நிறுத்தப்பட்டது. புதிய ரயில்கள், புதிய சிக்னல் முறை பொருத்துவதற்காக என்றார்கள். நவம்பர் 5 அன்று வடாலாவில் சோதனை ஓட்டத்தின்போது புதிய ரயில் ஒன்று உத்தரத்தை விட்டு விலகிச் சாய்ந்தது. பயணிகள் யாரும் இல்லை. புது வண்டிக்குப் புது சிக்னல் கிடைத்துவிடும். நடுவழியில் நின்றால் பயணி இறங்கி நடக்க உத்தரத்தின் ஓரமாக ஒரு பாதை கிடைக்குமா என்பதுதான், செம்பூரில் படியேறப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.