கனமான கணினி விளையாட்டு தடையில்லாமல் ஓட: ஓர் அரிசி வியாபாரியின் கணக்கு

இந்த மலருக்கு நான் வழக்கமாக எழுதி வருவது கல்வெட்டுகளையும் ஊர்ப் பெயர்களையும் பற்றி. இந்த முறை கணினி விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். "அரிசிக் கடைக்காரருக்கு இது எதுக்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. "கம்ப்யூட்டர் இழுக்குது, புதுசா வாங்கணும்" என்று பிள்ளை. "இப்பதானே வாங்கிக் கொடுத்தோம்" என்று அப்பா. இருவரில் யார் சொல்வது சரி என்று கணக்குப் பார்க்க முடியும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

வழக்கு வந்த விதம்

2023 தீபாவளி விடுமுறை. என் பேரனுக்கு அப்போது பத்தொன்பது வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. 2021ல் உதிரிகளாக வாங்கிச் சேர்த்த கணினி அவனுடையது. அதில் அவன் ஆடிவந்த 'சைபர்பங்க் 2077' திடீரென்று திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் கார்டு பழசு, மாத்தணும், முப்பதாயிரத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். என் மகன் முடியாது என்றான். பேரன் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தைப் போட்டு, மீதியைத் தவணையில் கட்டுவதாகக் கிளம்பினான். ஒரு வாரம் அப்பாவும் பிள்ளையும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், பேசிக்கொள்ளவில்லை.

நாற்பது வருஷம் கடை நடத்தியவன் நான். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்கிறவரை நம்பியதில்லை. "கார்டுதான் கோளாறுன்னு அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டேன். பேரனிடம் பதில் இல்லை. "சரி, நாமே பார்ப்போம் வா" என்று உட்கார்ந்தேன்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை

சைபர்பங்க் 2077 போலந்து நாட்டின் வார்சா நகரில் இயங்கும் சி.டி. புரொஜெக்ட் ரெட் நிறுவனத்தின் படைப்பு. அமெரிக்கரான மைக் பாண்ட்ஸ்மித் 1988ல் காகிதத்திலும் பகடையிலும் ஆடுவதற்காக உருவாக்கிய பாத்திரமேற்று ஆடும் விளையாட்டே இதற்கு மூலம். ஆடுகிறவர் ஒரு கதாபாத்திரமாகி, 'நைட் சிட்டி' என்ற கற்பனை நகரத்தில் நடக்கிறார், வண்டி ஓட்டுகிறார், சண்டை போடுகிறார். வெட்டும் குத்தும் நிறைய. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. எனக்கு அந்தப் பகுதி பிடிக்கவில்லை, அதை அவனிடம் சொல்லியும் இருக்கிறேன்.

2020 டிசம்பரில் வெளியானபோது இந்த விளையாட்டு பழைய பிளேஸ்டேஷன் இயந்திரங்களில் ஓட முடியாமல் திணறியது. சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கி, 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. ஆகவே இது இழுக்கிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டிவிட்ட கதை அல்ல.

எங்கள் வழக்குக்கு முக்கியமான செய்தி இன்னொன்று. 2020ல் இதற்குக் குறைந்தபட்சத் தேவை 8 ஜிபி ரேம், சாதாரண ஹார்டு டிஸ்க். 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய திருத்தம் வந்தபோது அது 12 ஜிபி ரேம் ஆயிற்று. எஸ்.எஸ்.டி. கட்டாயம் ஆயிற்று. கிராபிக்ஸ் கார்டில் ஜி.டி.எக்ஸ். 1060 (6 ஜிபி) போதும் என்றார்கள். பேரன் வைத்திருந்தது அதைவிட வலுவான ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர். ஆனால் ரேம் 8 ஜிபிதான், விளையாட்டு இருந்ததோ ஹார்டு டிஸ்க்கில். அதாவது, கடைக்காரர் மாற்றச் சொன்ன பொருள் ஒன்றுதான் தேவைக்கு மேல் இருந்தது!

பிரேம் என்னும் வரவு செலவு

திரையில் அசைவது தனித்தனிப் படங்களின் வரிசை. ஒரு படத்துக்குப் பிரேம் என்று பெயர். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒரு பிரேமை வரைந்து முடிக்க 16.7 மில்லி விநாடிதான் உண்டு. 30 போதும் என்றால் 33.3 மில்லி விநாடி. நிழல், பனிமூட்டம், தண்ணீரில் தெரியும் பிம்பம், கூட்டத்தில் நடக்கிற மனிதர்கள் எல்லாமே இந்த நேரத்தில் கைவைக்கும் செலவுகள்.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சராசரி 60 என்று காட்டும்போதே நடுவில் ஒரு பிரேம் 200 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு அது தட்டும். மாதக் கணக்கில் லாபம் காட்டிய கடையில், பொங்கலுக்கு முதல் நாள் சரக்கு இல்லை என்பது போல. வாடிக்கையாளருக்கு அந்த ஒரு நாள்தான் நினைவில் நிற்கும்.

மூட்டை எங்கே நிற்கிறது?

என் கடையையே வைத்துச் சொல்கிறேன். கிடங்கில் மூட்டை இருக்கிறது. அதிலிருந்து கடை முகப்புக்கு வர வேண்டும். அங்கே எந்தச் சீட்டுக்கு எந்த அரிசி என்று கணக்குப்பிள்ளை சொல்வார். அதன்படி நிறுத்துக் கட்டிக் கொடுப்பவர் வேறொருவர். கணினியில் கிடங்கு ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. முகப்பு ரேம். கணக்குப்பிள்ளை பிராசசர். கட்டிக் கொடுப்பவர் கிராபிக்ஸ் கார்டு. வியாபாரம் சுணங்கினால் கட்டிக் கொடுப்பவரை மாற்றி என்ன பயன், கிடங்கிலிருந்து மூட்டையே வரவில்லை என்றால்?

இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் இந்த நான்கின் உழைப்பும் சதவீதத்தில் தெரியும். என் பேரேட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். பேரன் மூன்று இடங்களில் ஆடி எண்களை எழுதினான்.

முதலில், விளையாட்டில் தன் அறைக்குள் சும்மா நின்றான். கார்டு 98 சதவீதம் உழைத்தது. பிரேம் 55க்கு மேல், தட்டல் இல்லை. கார்டு முழுமூச்சாக வேலை செய்கிறது என்றால் அதற்கு வேலை ஒழுங்காக வருகிறது என்று பொருள். இது நல்ல நிலை.

இரண்டாவது, ஜனம் நெரியும் கபுகி சந்தையில் நடந்தான். பிராசசர் 90ஐத் தாண்டியது, கார்டு 70க்கு இறங்கியது. இங்கே கணக்குப்பிள்ளை திணறுகிறார்.

மூன்றாவது, நகரத்துக்குள் காரை வேகமாக ஓட்டினான். ரேம் நிரம்பியது. டிஸ்க் 100 சதவீதம். கார்டு 40க்கு விழுந்தது. பிரேம் 15 வரை இறங்கித் திக்கியது. "தாத்தா, கார்டு சும்மா நிக்குது!" என்றான் பேரன். வழக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

வண்டி ஓடும்போது புதுப் புதுத் தெருக்களைக் கிடங்கிலிருந்து கொண்டுவர வேண்டும். ஹார்டு டிஸ்க் ஒரே சீராகப் படித்தாலே விநாடிக்கு 100 முதல் 150 மெகாபைட் அளவில்தான் தரும். அங்குமிங்குமாகத் தேடிப் படிக்கும்போது இன்னும் குறையும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500ஐ ஒட்டித் தரும். என்.வி.எம்.இ. வகை அதைப்போலப் பல மடங்கு. போதாக்குறைக்கு, ரேமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கிலேயே தற்காலிகமாக எழுதி வைக்கும். ஏற்கெனவே திணறுகிற கிடங்கின் தலையில் இன்னொரு சுமை.

நாங்கள் செய்தது

இருந்த ரேமுக்கு ஜோடியாக அதே அளவு, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கினோம். ஒரே ரேம் ஒற்றை வழியில் போகும். இரண்டை மதர்போர்டு புத்தகத்தில் சொன்ன இடங்களில் செருகினால் இரட்டை வழி திறக்கும். 2666 வேக டி.டி.ஆர்.4 ரேமில் விநாடிக்கு சுமார் 21 ஜிபி என்பது 42 ஆகிறது. பிராசசர் திணறிய சந்தையிலும் இது கைகொடுத்தது. பிறகு ஒரு என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. வாங்கி விளையாட்டை அதற்கு மாற்றினோம். மொத்தம் ஏழாயிரத்துக்குள் முடிந்தது. ரேம் விலை ஏறி இறங்கும் சரக்கு. இன்று வாங்குகிறவர்கள் விசாரித்துக்கொள்ளவும்.

மறுநாள் அதே தெருவில் அதே காரை ஓட்டினான். தட்டல் போய்விட்டது. பிரேம் 45க்குக் கீழே இறங்கவில்லை.

காசில்லாமல் செய்யக்கூடியவை

இனி செட்டிங் விஷயம். எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பதுதான் பிள்ளைகள் செய்யும் தவறு. எல்லாவற்றையும் அடியில் வைப்பது இன்னொரு தவறு. எது அதிகம் செலவு வைக்கிறதோ அதை மட்டும் குறைக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் பெருஞ்செலவு பிடிப்பது ஒளிக்கதிர்களைப் பின்தொடரும் ரே டிரேசிங். இதற்கென்று வன்பொருள் இல்லாத 1660 போன்ற கார்டுகளில் அதை நினைக்கவே வேண்டாம். அடுத்து, திரைவெளிப் பிரதிபலிப்பு. இதில் 'சைக்கோ' என்ற உச்ச நிலை பேருக்கேற்றபடிதான். குறைத்தாலும் ஓடுகிற ஆட்டத்தில் வித்தியாசம் லேசாகத்தான் தெரியும். பனிமூட்டம், மேகம், நிழல் இவற்றை நடுத்தரத்தில் வைக்கலாம். பொருள்களின் மேற்பரப்புத் தரமான 'டெக்ஸ்சர்' மட்டும் வேறு கணக்கு. அது கார்டிலுள்ள நினைவகத்தைப் பொறுத்தது. இடம் இருக்கும்வரை உயர்த்தி வைத்தாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. இடம் மீறினால்தான் திக்கும். சந்தையில் திணறினால் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைக்க வேண்டும். அது பிராசசரின் சுமை.

பிரேமைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் வழியும் உண்டு. 1920க்கு 1080 என்ற திரையில் 20,73,600 புள்ளிகள். 1280க்கு 720ல் 9,21,600 தான், பாதிக்கும் குறைவு. சிறிதாக வரைந்து, முந்தைய பிரேம்களின் தகவலையும் சேர்த்துப் பெரிதாக்கித் தருகின்றன டி.எல்.எஸ்.எஸ்., எப்.எஸ்.ஆர். ஆகிய நுட்பங்கள். முன்னது என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். வகைக் கார்டுகளுக்கு மட்டும். பின்னது ஏ.எம்.டி. தந்தது என்றாலும் மற்றவர் கார்டிலும் ஓடும். பேரன் எப்.எஸ்.ஆரைத் 'தரம்' என்ற நிலையில் வைத்தான். பிரேம் 60ஐ ஒட்டி நின்றது.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 வராவிட்டால், 40க்கும் 55க்கும் இடையே ஊசலாட விடுவதைவிட, அதன் சரிபாதியான 30ல் கட்டி வைப்பது கண்ணுக்குச் சீராக இருக்கும். அடாப்டிவ் சிங்க் வசதியுள்ள மானிட்டர் என்றால் இடைப்பட்ட எண்ணும் சரிதான்.

சூடு, தூசி, மின்சாரம்

முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடிப் பிறகு இழுத்தால் சூடுதான் காரணமாக இருக்கும். பேரனுடைய இன்டெல் பிராசசர் போன்றவை 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபினட்டைத் திறந்து தூசி தட்டுங்கள். ஊதும்போது மின்விசிறி இறகைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினியை மெத்தையில் வைத்து ஆட வேண்டாம். பாட்டரியில் ஓட்டினால் அது தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே அடாப்டர் செருகியிருக்க வேண்டும். கடைசியில் புதுக் கார்டே வாங்குவதானாலும் எஸ்.எம்.பி.எஸ். அதற்குத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்ததை நம்ப வேண்டாம். "வேகத்தைக் கூட்டும்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

முடிவாக

புதுப் பொருள் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கார்டு எந்நேரமும் 98ல் நின்று, செட்டிங்கைக் குறைத்த பின்னும் பிரேம் போதவில்லை என்றால் கார்டை மாற்றத்தான் வேண்டும். அப்போது அப்பாமார் மறுக்கக் கூடாது. பேரேட்டிலேயே சாட்சி இருக்கிறதே. அளந்து பார்க்காமல் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மிகுபொருள் விரும்பாமை என்று எங்கள் இல்லறத்தாருக்கு ஒரு விரதம் உண்டு. எது மிகுதி என்று தெரியவே முதலில் அளக்க வேண்டியிருக்கிறது.

என் மகன் அந்தப் பேரேட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "அந்தச் சந்தையில ஏண்டா பிராசசர் ஏறுது?" என்று பிள்ளையிடம் கேட்டான். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். பேரன் இப்போது நண்பர்களின் கணினியையும் பார்த்துக் கொடுக்கிறான். போன மாதம் போனில் ஒருவனிடம் அவன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "மொதல்ல மூட்டை எங்க நிக்குதுன்னு பாருடா."