குடலில் ஊதும் அபாயச் சங்கு

நமது நண்பர் ஒருவரின் குமாரி கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். ஏழெட்டு மாதங்களாக அவளுக்கு அடிவயிற்றில் வலப்புறமாக ஒரு வலி. வாரத்தில் நாலு நாள் பேதி. மாலை வேளைகளில் லேசான ஜுரம். "ஹாஸ்டல் சாப்பாட்டின் மகிமை!" என்றார் தகப்பனார். பாட்டியோ ஓமக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பெண்ணின் எடை எட்டு கிலோ குறைந்து, கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்த பிறகுதான் குடல் நோய் நிபுணர் ஒருவரைத் தேடிப் போனார்கள். அவர் குடலுக்குள் குழாயைச் செலுத்திப் பார்த்தார். துணுக்கு எடுத்துச் சோதித்தார். கடைசியில் "இது க்ரோன் நோய்" என்றார். அதற்கு நல்ல ஊசி மருந்து இருக்கிறது என்றும், ஆனால் அதைப் போடுவதற்கு முன் மார்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும், காசநோய்க்கான ரத்தப் பரீட்சையும் செய்ய வேண்டும் என்றும் கூறி அனுப்பினார்.

அன்று மாலை நாம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். பாட்டி நம்மைப் பிடித்துக்கொண்டாள். "ஏனப்பா, நீ பத்திரிகைக்காரன் ஆயிற்றே! வயிற்றிலே நோவு என்று போனால் மார்பைப் படம் பிடிக்கச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம்? குழந்தை இருமினது கூடக் கிடையாதே!" என்றாள். காப்பி சூடாயிருப்பதாகச் சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. விசாரித்தும் படித்தும் பார்த்ததில், பாட்டியின் கேள்விக்குள் தற்கால வைத்திய சாஸ்திரத்தின் மிகச் சுவாரஸ்யமான அத்தியாயம் ஒன்று அடங்கியிருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

ஓரணுச் சுவர்

நம்முடைய பெருங்குடலில் வாசம் செய்யும் நுண்கிருமிகளின் தொகை ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்று 2016-ம் வருஷத்தில் வெளியான ஒரு கணக்குக் கூறுகிறது. சரீரத்திலுள்ள நம் சொந்த உயிரணுக்களின் தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை சாதுக்கள். நாம் ஜீரணிக்க முடியாத நாரைப் பக்குவம் செய்து நமக்கே ஆகாரமாகத் திருப்பித் தருகிற உபகாரிகளும் அவற்றில் உண்டு. ஆனால் அவை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும் வரையில்தான் இந்தச் சிநேகம். குடலைத் தாண்டி ரத்தத்தில் புகுந்தால் அவையே பிராணாபத்தை உண்டாக்கிவிடும்.

இத்தனை பெரிய ஜனக் கூட்டத்தையும் நம்முடைய ரத்தத்தையும் பிரித்து நிற்கும் சுவர் எத்தனை கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஓர் உயிரணுவின் கனம். ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. குடலின் உள்வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இந்த அணுக்களை ஒன்றோடொன்று இறுகத் தைத்து வைத்திருப்பவை சில புரதங்கள். சில அணுக்கள் சளியைச் சுரந்து சுவரின் மேல் வழவழப்பாகப் பூசிக்கொண்டேயிருக்கின்றன. அணுக்களுக்கு ஆயுளும் சொற்பம். மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பழையவை உதிர்ந்து புதியவை அவ்விடத்தை அடைந்துவிடுகின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை விருந்தை ஜீரணித்த அணுக்களில் அநேகமாக ஒன்றுகூட இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு இராது!

சங்கு ஊதும் விதம்

இந்தச் சுவர் வெறும் சுவராக மட்டும் இருந்தால் நாம் பிழைத்திருக்க முடியாது. இதன் ஒவ்வோர் அணுவும் காவற்காரனாகவும் இருக்கிறது. கிருமிகளின் உடற்பகுதிகளை இனம் கண்டுகொள்ளும் ஏற்பிகள் சில இந்த அணுக்களில் உண்டு. அவற்றுள் ஒன்று, கிருமிகள் நீந்துவதற்கு உபயோகிக்கும் வாலின் புரதத்தைக் கண்டறிவது. அந்த ஏற்பி அணுவின் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்? கிருமிகள் நிறைந்திருக்கும் வெளிப்பக்கத்தில் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பெருங்குடல் அணுக்களை ஆராய்ந்தவர்கள் 2001-ம் வருஷத்தில் கண்டது வேறு. அது பெரும்பாலும் உட்பக்கத்தில், ரத்தத்தை நோக்கிய முகத்தில்தான் இருக்கிறது. யோசித்தால் இதன் சாமர்த்தியம் விளங்கும். தெருவில் போகிறவர்களையெல்லாம் பார்த்துக் கூச்சல் போடும் காவற்காரனால் வீட்டார் தூங்க முடியாது. எவன் வேலி தாண்டி உள்ளே குதித்தானோ அவனைக் கண்டு கூவுகிறவனே உபயோகமுள்ளவன்.

சரி, கிருமி ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. காவலணு என்ன செய்கிறது? அதற்குள்ளே 'என்.எப். கப்பா-பி' என்ற ஒரு புரதம் எப்போதும் தயாராகக் காத்திருக்கிறது. 1986-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ரஞ்சன் சென், டேவிட் பால்ட்டிமோர் என்னும் இருவர் வேறு வகை ரத்த அணுவை ஆராயும்போது இதைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு பார்த்தால், சரீரத்தில் அநேகமாக எல்லா அணுக்களிலும் இது இருப்பது தெரியவந்தது! சாதாரண காலங்களில் 'ஐ-கப்பா-பி' என்ற மற்றொரு புரதம் இதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்பியிலிருந்து செய்தி வந்ததும், சில நிமிஷங்களுக்குள் அந்தக் கட்டு அழிக்கப்படுகிறது. விடுதலை பெற்ற புரதம் அணுவின் கருவுக்குள் விரைந்து சென்று, உறங்கிக்கொண்டிருந்த பல மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. அவற்றின் உத்தரவுப்படி உற்பத்தியாகும் செய்திப் பொருள்கள் வெளியே சென்று ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை அழைக்கின்றன. வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறது. இதற்குத்தான் அழற்சி என்று பெயர்.

இதில் நம்மை வியப்பில் ஆழ்த்தும் விஷயம் ஒன்று உண்டு. கருவுக்குள் சென்ற அந்தப் புரதம் எழுப்பும் மரபணுக்களில் ஒன்று எது தெரியுமா? தன்னைக் கட்டிப்போடும் 'ஐ-கப்பா-பி'யை உற்பத்தி செய்யும் மரபணுவேதான்! புதிதாகப் பிறந்த கட்டு கருவுக்குள் நுழைந்து அதைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுகிறது. 1942-ம் வருஷத்தில் யுத்த பீதியின்போது சென்னையில் இருந்தவர்கள் இரண்டு சங்குகளைப்பற்றிச் சொல்வதுண்டு. ஏறியிறங்கி ஊதுவது அபாயச் சங்கு. ஒரே ஸ்தாயியில் நீண்டு ஊதுவது அபாயம் நீங்கிய சங்கு. குடலணுவில் முதல் சங்கு ஊதும்போதே இரண்டாவது சங்குக்கும் உத்தரவு பிறந்துவிடுகிறது.

ஓயாத சங்கு

இரண்டாவது சங்கு ஊதாவிட்டால் என்ன ஆகும்? நியூயார்க் நகரத்தில் 1932-ம் வருஷத்தில் பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் என்ற மூன்று வைத்தியர்கள் 14 நோயாளிகளைப்பற்றி எழுதினார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்து, புண்பட்டு, குறுகிப் போயிருந்தது. காரணமான கிருமி எதுவும் அகப்படவில்லை. முதலில் இருப்பவரின் பெயரையே நோய்க்குச் சூட்டிவிட்டார்கள்.

இன்று நமக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். இந்நோயில் குடலின் அபாயச் சங்கு ஓய்வதேயில்லை. வந்த வெள்ளணுக்கள் 'டி.என்.எப்.' என்ற செய்திப் பொருளை ஏராளமாகச் சொரிகின்றன. 1975-ம் வருஷத்தில் இதைக் கண்டவர்கள், எலிகளின் கட்டிகளை இது அழித்ததால் அதையொட்டியே பெயரிட்டார்கள். குடலிலோ இது அணுக்களுக்கு இடையிலுள்ள தையலைத் தளர்த்திவிடுகிறது. தையல் தளர்ந்தால் கிருமித் துணுக்குகள் கசிந்து உள்ளே வருகின்றன. அவற்றைக் கண்டு காவலணுக்கள் மறுபடியும் கூவுகின்றன, மறுபடியும் வெள்ளணுக்கள், மறுபடியும் டி.என்.எப். செக்கு மாடு போல் நோய் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"அப்படியானால் சங்கையே உடைத்தெறிந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா?" என்று நேயர்கள் கேட்கலாம். விஞ்ஞானிகளுக்கும் அந்த எண்ணம் தோன்றாமல் இல்லை. குடலின் உள்வரிசை அணுக்களில் மட்டும் என்.எப். கப்பா-பி வேலை செய்யாதபடி சில எலிகளைப் பிறப்பித்துப் பார்த்தார்கள். 2007-ம் வருஷத்தில் முடிவு வெளியாயிற்று. அந்த எலிகளின் குடல் சுகமாக இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அவற்றின் அணுக்கள் மடிந்தன, சுவர் இடிந்தது, கிருமிகள் உள்ளே புகுந்தன, பெருங்குடல் முழுவதும் கடுமையான அழற்சி கண்டது! மனிதர்களிடமும் இதற்கு ஒப்பான சாட்சியம் உண்டு. க்ரோன் நோயோடு சம்பந்தப்பட்டதாக 2001-ம் வருஷத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட மரபணு, கிருமித் துணுக்கை உணரும் ஏற்பி ஒன்றுக்குரியது. ஐரோப்பிய நோயாளிகள் பலரிடம் அந்த ஏற்பி பழுதுபட்டு, உணர்ச்சி குன்றியிருந்தது.

ஆகவே சங்கு நமக்குச் சத்துருவல்ல. ஊத வேண்டியபோது ஊதவும் வேண்டும். ஓய வேண்டியபோது ஓயவும் வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் வியாதிதான்.

சங்கின் வாயை அடைத்த மருந்து

அணுவுக்குள்ளிருக்கும் சங்கைத் தொடாமல், வெளியே பெருகி நிற்கும் டி.என்.எப்.பை மட்டும் பிடித்து முடக்கினால் என்ன? லண்டனில் மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இருவர் கீல்வாத நோயில் இந்த யோசனையைப் பரீட்சித்து வெற்றி கண்டார்கள். மைனி அவர்கள் பஞ்சாபில் லூதியானாவில் பிறந்தவர் என்பதை நேயர்கள் சந்தோஷத்துடன் குறித்துக்கொள்ளலாம். அதே சமயத்தில், மற்ற மருந்துகளெல்லாம் கைவிட்ட ஒரு சிறுமிக்கு ஆம்ஸ்டர்டாமில் க்ரோன் நோய்க்காக இவ்வூசி போடப்பட்டது. நல்ல குணம் தெரிந்ததாக 1993-ம் வருஷத்தில் வைத்தியர்கள் எழுதினார்கள். 'இன்ப்ளிக்ஸிமாப்' என்ற அந்த மருந்துக்கு 1998-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி வழங்கிற்று. வருஷக் கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. எத்தனையோ பேர் அறுவைச் சிகிச்சையிலிருந்து தப்பினார்கள்.

ஆனால் 2001-ம் வருஷத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் கண்டிருந்தது. அதுவும் அநேகருக்குச் சில வாரங்களுக்குள்ளேயே. புதிதாக ஒட்டிக்கொண்டதாக எண்ணுவதற்கில்லை. ஏற்கனவே உள்ளே உறங்கியிருந்த கிருமியே விழித்துக்கொண்டது.

காரணம் இதுதான். காசநோய்க் கிருமி நுரையீரலில் புகுந்தால் சரீரம் எப்போதும் அதைக் கொன்றுவிடுவதில்லை. பல சமயங்களில் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து நின்று, சிறை எழுப்பி, உள்ளே அடைத்து வைத்துவிடுகின்றன. கைதி சாகவில்லை, ஆனால் வெளியேயும் வர முடிவதில்லை. ஆசாமிக்கு இருமலும் இல்லை, ஜுரமும் இல்லை; ஆயுள் முழுவதும் அறியாமலே இருந்துவிடலாம். அந்தச் சிறையின் சுவர் இடியாமல் நிற்கச் செய்வது எது? குடலைப் புண்ணாக்குகிறதே, அதே டி.என்.எப்.தான்! குடலுக்காக அதன் வாயை அடைத்தால் நுரையீரலில் சிறைக் கதவு திறந்துகொள்கிறது.

பாட்டிக்குப் பதில்

இந்தியாவில் இது சின்ன விஷயமல்ல. உலகத்தில் வருஷந்தோறும் காசநோய் காண்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் தேசத்தவர். நோய் காணாமலே கிருமியைத் தாங்கியிருப்பவர்களோ கோடிக்கணக்கானவர்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. காசநோய் குடலையும் தாக்கும். அது தாக்குவதும் பெரும்பாலும் க்ரோன் நோய் தாக்கும் அதே இடம்தான். வலியும் பேதியும் ஜுரமும் இளைப்பும் இரண்டுக்கும் பொது. குழாய் விட்டுப் பார்த்தும், துணுக்கைச் சோதித்தும்கூடச் சில சமயம் தேர்ந்த வைத்தியர்களே திகைக்கிறார்கள். க்ரோன் என்று எண்ணி அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால், உண்மையில் இருப்பது காசநோயானால், அது காட்டுத் தீயாகும். காசம் என்று எண்ணி மாதக் கணக்கில் அதற்குரிய மாத்திரை கொடுத்தால், க்ரோன் நோய் அதற்குள் குடலை அரித்துவிடும். ஆகையால் வைத்தியர் இரண்டு மூன்று பரீட்சைகள் அதிகமாகச் செய்யச் சொன்னால், பணம் பறிக்கும் வித்தை என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வயிற்று வலிக்கென்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். அவற்றில் பலவகை குடலின் உள்வரிசையையே புண்ணாக்கக்கூடியவை. ஒருவருக்குக் குணம் கண்ட ஸ்டீராய்டு மாத்திரையை அடுத்த வீட்டுக்காரருக்குச் சிபாரிசு செய்வது அதைவிட அபாயம். இரண்டு நாள் பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் ஓய்வும் பெரும்பாலும் போதும். ஆனால் வாரக் கணக்கில் நீடிக்கும் பேதி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், காரணமில்லாத இளைப்பு, மாலை ஜுரம் இவற்றில் எது கண்டாலும் கஷாயத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகவேண்டியதுதான்.

நண்பரின் குமாரிக்கு மார்புப் படத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் ரத்தப் பரீட்சை, உறங்கும் கிருமி இருப்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. முதலில் அதற்கு மாத்திரை. ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்த பிறகே ஊசி என்று வைத்தியர் திட்டமாகச் சொல்லிவிட்டார். அந்த மாதம் அவ்வீட்டில் எல்லோருக்கும் நீண்ட மாதமாக இருந்தது. வலியில் துடிக்கும் பேத்தியைப் பார்த்துக்கொண்டு மருந்துக்காகக் காத்திருப்பது லேசான காரியமா?

நாம் மேலே எழுதியதையெல்லாம் பாட்டியிடம் ஒரு நாள் விவரமாகச் சொன்னோம். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்கள் மாமனாருக்குக் காசம் இருந்தது. இந்த வீட்டில்தான் இருந்தார்" என்றாள். பிறகு, "அந்த வைத்தியர் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே!" என்றாள்.

பெண்ணுக்கு இதுவரை மூன்று ஊசிகள் போட்டாயிற்று. நோய் அடியோடு தீர்ந்துவிட்டதென்று வைத்தியர் சொல்லவில்லை, அடங்கியிருக்கிறது என்கிறார். இழந்த எடையில் ஐந்து கிலோ திரும்பிவிட்டது. அடுத்த வாரம் கல்லூரிக்குப் போகிறாள்.