மாதிரி கொண்டு மலையை அறிவோம்

அறிவியல் மாதிரி என்றதும் கண்காட்சியில் வைக்கும் அட்டை எரிமலையே பலருக்கு நினைவில் வரும். உண்மையில், இயற்கையில் ஒன்று எப்படி நிகழ்கிறது என விளக்கவும், இனி நடப்பதை முன்கூட்டிச் சொல்லவும் உதவுவதே மாதிரி.

கம்போங் ராஜா பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வாசலிலேயே உள்ளது. 2024 ஜனவரியில் புளூவேலி மண்சரிவு ஐந்து தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது. மழையில் மலைமண் ஏன் நகர்கிறது?

ஆசிரியர் உடனே விடை கூறாமல், மாணவர் தம் எண்ணத்தைப் படமாக வரையச் செய்யலாம். பின்னர் இரு தட்டுகளில் மண் நிரப்பி, ஒன்றில் மட்டும் புல் வளர்த்து, ஒரே சாய்வில் வைத்து, ஒரே அளவு நீர் ஊற்றலாம். வெற்று மண் கலங்கி ஓடும். புல்வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எண்ணியதும் கண்டதும் மாறுபட்டால் படத்தைத் திருத்த வேண்டும். அத்திருத்தமே அறிவியல்.

ஆயினும் தட்டு மலையாகாது. ஆழத்தில் ஊறும் நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டிப் பிடிப்பைத் தளர்த்துவதை அது காட்டாது. இக்குறையைக் கண்டு கேட்கும் பிள்ளையே தேர்ந்த மாணவர்.

இதற்குப் பெருஞ்செலவில்லை. பரிசுக் கோப்பை வழங்கும் கொடைநெஞ்சங்கள் இத்தகைய பயிற்சிக்கும் கைகொடுத்தால், மலையில் வாழும் நம் பிள்ளைகள் மலையின் குறிப்பறிந்து வாழ்வர்.