ஏற்காடு மலை ஏறும் முன் டயரில் எழுதியிருப்பதைப் படிப்போம்

பெருநாள் விடுமுறை வந்தாலும், வளைகுடாவில் இருக்கும் மகன் இரண்டு மாத விடுப்பில் வந்தாலும், "குடும்பத்தோடு ஏற்காடு போய் வரலாமே" என்ற பேச்சு நம் வீடுகளில் எழுந்துவிடும். ஷெட்டில் மாதக்கணக்கில் நின்ற கார் வெளியே வரும். கழுவுவோம், எண்ணெய் நிரப்புவோம், டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். "பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டு விடுவோம்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேர்வராயன் மலையில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து இந்தப் பாதையில் கவிழ்ந்து உயிர்கள் பலியானதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த விபத்துக்கு டயர்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. இறங்கும் வளைவில் வண்டி நம் கையை மீறினால் தப்பிக்க இடம் மிகக் குறைவு என்பதை அது நினைவூட்டுகிறது.

எனவே மெக்கானிக் சொல்லும் சொற்கள் நமக்கும் புரிய வேண்டும். புரிந்தால் தேவையில்லாத செலவும் குறையும், தேவையான செலவைத் தள்ளிப்போடவும் மாட்டோம்.

டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்கள்

185/65 ஆர்15 88எச் என்று ஒரு டயரில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. இங்கே சுமார் 120 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்து வரும் 88. இது சுமைக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். 82 என்றால் 475 கிலோ மட்டுமே. விலை மலிவு என்று குறைந்த குறியீடுள்ள டயரைப் போட்டுவிட்டு, ஏழு பேரையும் பெட்டிகளையும் ஏற்றி மலையேறுவது ஆபத்து. கடைசியில் உள்ள 'எச்' வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள்.

வயது: பலரும் பார்க்காத எண்

பக்கச் சுவரில் 'டிஓடி' என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஒரு பக்கத்தில் காணவில்லை என்றால் டயரின் உட்பக்கம் பாருங்கள்.

ஓடாமல் நிற்கும் காருக்கு இந்த எண் மிக முக்கியம். ஓடாததால் பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகிக்கொண்டே போகும், மெல்லிய வெடிப்புகள் விழும். ஒரே இடத்தில் நின்றதால் அடிப்பகுதி தட்டையாகவும் ஆகலாம். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டு ஆனதைப் பட்டன் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் டயர் நிறுவனங்கள் பலவும் அறிவுறுத்துகின்றன. டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பட்டன் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். பக்கச் சுவரில் 'டிடபிள்யூஐ' என்ற குறி அந்த இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். மழையிலும் பனியிலும் நனைந்த மலைச் சாலையில் அந்த டயர் பிடிக்காது.

காற்று எவ்வளவு?

டயரில் எழுதியிருக்கும் பிஎஸ்ஐ அளவு அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. நாம் பிடிக்க வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அல்லது கார் கையேட்டில் இருக்கும். முழு சுமைக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் அதையே பிடியுங்கள். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரி. ஓடி வந்த டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து பாதி வழியில் காற்றை இறக்கிவிடக் கூடாது.

அலைன்மென்ட், பேலன்சிங்

இரண்டும் ஒன்றல்ல. ரிம்மும் டயரும் சுற்றும்போது எடை சமமாக இருக்கச் சிறு எடைத் துண்டுகளை ஒட்டுவது பேலன்சிங். இது தவறினால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது அலைன்மென்ட். அதில் மூன்று சொற்கள் வரும்.

டோ: மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பகுதி உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது.

கேம்பர்: முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது.

காஸ்டர்: ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போன்றது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவது இதனால்தான்.

தேய்மானமே நோயைச் சொல்லிவிடும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பாருங்கள். ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சர்பர் மீது சந்தேகப்படலாம்.

சஸ்பென்ஷன்

சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சர்பர். அது பலவீனமானால் வளைவில் வண்டி அதிகம் சாயும், டயர் சாலையை விட்டு எழும்பும். அதன் மீது எண்ணெய்க் கசிவு தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சக்கரத்தை வண்டியோடு இணைப்பவை லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ் ஆகியவை. மேடு பள்ளத்தில் 'டக் டக்' என்ற சத்தம் கேட்டால் இவற்றைக் காட்டுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

அழகுக்காகப் பெரிய அலாய் வீல் போட்டவர்கள் 'ஆஃப்செட்' என்ற சொல்லையும் கேட்டு வையுங்கள். ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதை அது குறிக்கிறது. அளவு பொருந்தாவிட்டால், முழு சுமையோடு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உடலில் உரசும்.

இவ்வளவும் சரிபார்த்தாலும் இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொல்லும் நபிமொழியை நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். காரில் அமரும் மனைவி, மக்கள், வயதான பெற்றோர் எல்லோரும் நம்மிடம் உள்ள அமானிதம். புறப்படும் முந்தைய நாள் அரை மணி நேரம் ஒதுக்கி நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பாருங்கள். பிறகு பிரயாண துஆவை ஓதிப் புறப்படுங்கள். இன்ஷா அல்லாஹ், பயணம் நலமாக அமையும்.